நான்காம் பாகத்தின் பக்கம் ஒருத்தி

ஹகோடாடேயில் கடைசி டிராம் போய்விட்டது.
வெளியே பனி. உள்ளே ஓடென் கடையில்
முள்ளங்கி வேகும் சட்டியைச் சுற்றி நாங்கள் நால்வர்,
நாற்பதைத் தாண்டியவர்கள்.
பேச்சோ கால் முளைத்த ஒரு கெண்டியைப் பற்றி.

போப்போ.
ஆவி சேர்த்து எம்பிக் குதிக்கும் செப்புக் கெண்டி.
கொதிக்குமுன் குதித்தால் பள்ளம்தான்.
முப்பத்தாறு வருடம், பதினான்கு பாகம்,
இன்னும் மூக்கில் ஒரு நசுங்கல் இல்லை.

ஹிசாயோவுக்கு மூன்றாம் பாகம்.
"எல்லாருக்கும் மூன்றுதான்,
ஊரோடு ஒத்துப் போகிறாய்" என்றான் ரெண்டாரோ.
அவள் சிரிக்கவில்லை.
மூன்றில் அந்த மழைக் கட்டம்:
துளி பட்டால் போப்போ 'ஸ்ஸ்' என்று ஆறிப்போகும்,
கூரை விட்டுக் கூரை ஒதுங்கி ஒதுங்கிப் போகவேண்டும்.
அதற்குப் பிறகு குடையில்லாமல்
தெருவில் இறங்கியதே இல்லையாம்.
மருத்துவமனையில் கணக்கு எழுதுகிறவள்,
கூட்டிச் சொல்லத் தெரியாதவள். நம்பினோம்.

ரெண்டாரோவுக்கு ஏழு.
"ஏழா! கேமரா போய்ச் சுவரில் செருகிக்கொள்ளும்,
செங்கல்லைப் பார்த்தபடியே செத்தோமே!"
"செத்தோம்.
ஆனால் அதில்தான் முதல்முறை திரும்பிப் பார்த்தேன்.
ஆறு பாகம் வலப்பக்கமே ஓடியிருக்கிறோம்,
முதுகுக்குப் பின்னால் கடல் இருந்தது
யாருக்காவது தெரியுமா?"
பீரை மடக்கென்று குடித்தான்,
வழக்கில் வென்றவன் போல.

எனக்கு நான்கு.
மேசையே முனகியது.
தள்ளுபடிக் கூடையில் மூன்றுக்கு ஒன்று இலவசமாய்க்
கொடுத்தும் போகாத நான்கு.

பன்னிரண்டு வயது, காலில் மாவுக்கட்டு, கோடை முழுக்க.
கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஓர் இடைவெளி.
கதை முடிய அதைத் தாண்டத் தேவையில்லை,
உள்ளே படிக்கட்டு இருக்கிறது.
இருந்தும் தாண்ட நினைத்தேன்.
முப்பத்தெட்டாம் நாள் பிடிபட்டது:
கொதித்ததும் குதிக்கக் கூடாது.
மூடி பறக்கும்வரை பொறுத்து,
பறந்த மூடியின்மேல் ஒரு காலை வைத்து
அங்கிருந்து மறுபடி.
பிறகு வேலையை விட்டதும் அப்படித்தான்,
மணமுறிவில் கையெழுத்திட்டதும் அப்படித்தான்.
அந்த இடைவெளியை வைத்தவர்
எதையோ அறிந்தவர் என்று
முப்பது வருடம் நினைத்திருந்தேன்.

ஓகுசாவா அதுவரை வாய் திறக்கவில்லை.
இந்தக் குளிரில்தான் எங்களோடு சேர்ந்தவர்,
நகராட்சியில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவர்.
அவித்த முட்டையைக் குச்சியால் இரண்டாக்கி,
"அது பிழை" என்றார்.

"ஒசாகாவில் இருந்தேன். இருபத்துமூன்று வயது.
மூன்று இரவு தூக்கமில்லை. கல்லை
ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டேன்.
தெரிந்தபோது சரக்கு லாரியில் ஏறியிருந்தது.
அதைத் தாண்ட முடியாது."

"தாண்டினேன்."

"முடியாது."

இரண்டு குச்சி, ஒரு கடுகுக் கிண்ணம்,
அதன் மூடி. செய்து காட்டினேன்.
ஒருமுறை. மறுமுறை.
மூன்றாம் முறை அவரே மூடியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பக்கம் போனாயா?"
"போனேன்."
"என்ன இருந்தது?"

வெற்று அறை. நடுவில் ஒரு தேநீர்க் கோப்பை.
நான் பொத்தானைத் தொடவில்லை.
போப்போ தானாக நடந்து போய்,
பதினான்கு பாகத்தில் அந்த ஒரே இடத்தில்,
குனிந்தது.

"ஊற்றியதா?"
"ஊற்றியது."

அவர் முட்டையின் மறுபாதியை
என் தட்டில் வைத்தார்.
கடைக்காரம்மா அடுப்பைத் தணித்தாள்,
பனி அள்ளப் போகவேண்டியவர் எழவில்லை.

"எப்படியானாலும்," என்றான் ரெண்டாரோ
கோட்டின் கைக்குள் கையைத் தேடிக்கொண்டே,
"ஏழுதான்."